ஓரினின் பச்சை பியூக்

"லைட்ட இன்னும் கொஞ்சம் கீழ புடி," என்றார் ஓரின். "நெழலு விழுது."

அவருடைய உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஈரத்துணியை மார்லிஸ் கிண்ணத்தில் போட்டாள். வெளியே ஏப்ரல் மாதத்து நல்ல வெயில். ஏரியில் பனி உடைந்து, பாளம் பாளமாகக் கரையில் வந்து ஒதுங்கிக்கொண்டிருந்தது. சோபாவை நகர்த்திவிட்டுக் கூடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். காலையில் வந்த நர்ஸ் அவருடைய கால்விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தனியா இருக்காதீங்க, கூட யாரையாவது வரச்சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"எந்த லைட்டு, ஓரின்?"

"அசையாத. அப்படியே புடிச்சுக்க, வெர்னா."

வெர்னா ஓரினின் முதல் மனைவி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஓரின் அந்தப் பெயரை அவள் காதுபட உச்சரித்ததில்லை. இப்போது என்னவோ நேற்றுவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்போல அவ்வளவு சுளுவாக வந்தது. நான் மார்லிஸ் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த மேசைவிளக்கை எடுத்து, அந்தப் பட்டப்பகலில், அவர் மார்புக்கு மேலே பிடித்தாள்.

"இப்ப தெரியுதா?"

"ம்." விரல்கள் போர்வையைத் துழாவின. சுருட்டின, கிள்ளின, மறுபடி துழாவின. "நட்டு விழுந்துருச்சு. உள்ள போயிருந்தா தொலஞ்சோம்."

"இருக்கு ஓரின். கெடச்சிருச்சு."

"காட்டு."

காட்டுவதற்கு அவளிடம் எதுவுமில்லை. அவர் நெற்றி சுருங்கியது, மூச்சு இரைத்தது. பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே வரும்படி எக்கித் தரையில் தேடப் பார்த்தார். தோளைப் பிடித்துப் படுக்கவைப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

சமையலறையில் ஓரினின் தம்பி லைல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே துக்கப்படக்கூடிய மனிதர்.

"காலையிலேர்ந்து ஒரு நட்டத் தேடிக்கிட்டு இருக்காரு," என்றாள் மார்லிஸ். "வெர்னாகிட்ட கேக்குறாரு."

லைல் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். "அது அந்தப் பழைய பியூக் காரப் பிரிச்சு வேல பாத்தப்ப நடந்ததா இருக்கும்."

"எந்த நட்டு?"

"எனக்கென்ன தெரியும்? அந்த ரெண்டு பேரும் ஷெட்டுக்குள்ள போனா ஊரே தீப்புடிச்சாலும் வெளிய வரமாட்டாங்க. நான் போனா, கதவச் சாத்துடா, குளிரு உள்ள வருதுன்னு வெரட்டுவாங்க."

அந்தக் கதையில் ஊருக்குத் தெரிந்த பகுதி மார்லிஸுக்கும் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷத்துப் பியூக். ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் அது கிடந்தபோது பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தனவாம். கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஷெட்டில் விறகடுப்பை மூட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பிரித்தார்கள், துரு சுரண்டினார்கள், திரும்பப் பூட்டினார்கள். வரிசையாக எட்டு சிலிண்டர். பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கும் குரோமிய முகப்பு. அந்தப் பற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெருகேற்றியவள் வெர்னா. சீட்டுக்கு உறை தைத்ததும் அவள்தான். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் அந்தக் கரும்பச்சை வண்டி வந்தால் ஜனங்கள் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டுவார்கள். ஓரினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மார்லிஸும் கையசைத்திருக்கிறாள். முதல் வருஷமே, முதுகு வலிக்கிறது என்று சொல்லி வீட்டிலிருந்து ஒரு திண்டை எடுத்துவந்து அந்த உறையின்மேல் போட்டுக்கொண்டாள். ஓரின் திண்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

கூடத்திலிருந்து மறுபடி குரல் வந்தது. "வெர்னா! எண்ணெத் தொட்டியக் கழட்டணும்டி."

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "லைல், அவங்க நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

"மார்லிஸ், வேணாம். அவரு சுயநெனவோட பேசல."

"அதனாலதான் கேக்குறேன். இப்படித் தேடிக்கிட்டே போகக்கூடாது அவரு."

பக்கத்து ஊரிலிருந்து வெர்னா மதியத்துக்குள் வந்துவிட்டாள். குட்டையாக வெட்டிய நரைமுடி, ஆம்பிளைச் சட்டை, சேறு அப்பிய பூட்ஸ். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினாள்.

"நான் வர்றது உங்களுக்குச் சங்கடமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. கார்லயே ஒக்காந்துக்கறேன்."

"சங்கடமாத்தான் இருக்கு," என்றாள் மார்லிஸ். "உள்ள வாங்க."

கட்டிலருகே போன வெர்னா அவரைப் பார்த்தபடி நின்றாள். தொடவில்லை. போர்வைக்குள் விரல்கள் இன்னும் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன.

"என்ன தேடுறான்?"

"நட்டு. உள்ள விழுந்துருச்சுங்கறாரு. கெடச்சிருச்சுன்னு நான் சொன்னா நம்பமாட்டேங்கறாரு."

வெர்னாவின் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று மார்லிஸ் நினைத்தாள். ஆனால் வந்தது சிரிப்பு. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவர் காதருகே குனிந்தாள்.

"ஓரின், அது எஞ்சினுக்குள்ள விழல. என் ஸ்வெட்டர் கைமடிப்புல இருந்துச்சு. ராவெல்லாம் எஞ்சினப் பிரிச்சுப் போட்டு, காலையில கை கழுவறப்ப தொட்டியில 'டங்'குன்னு விழுந்துச்சே, ஞாபகமில்ல? நீ என்னக் கொல்லப்போறேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா தரையில ஒக்காந்துக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்ச."

துழாவிக்கொண்டிருந்த கை நின்றது. ஓரினின் முகத்தில், கன்னம் ஒட்டிப்போன அந்த முகத்தில், சிரிப்பைப் போல ஒன்று மெல்லப் பரவியது.

"கைமடிப்புல," என்றார்.

"கைமடிப்புலதான்."

கட்டிலின் கால்மாட்டில் மார்லிஸ் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து தன்னால் செய்ய முடியாததை இன்னொருத்தி வந்து ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டாள். நன்றி சொல்லவேண்டும் என்றும் தோன்றியது. கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிடவேண்டும் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் போர்வையின் நுனியை இழுத்து அவர் பாதத்தை மூடினாள்.

ஓரின் கண்ணைத் திறக்காமலே பேசினார். நாக்கு குழறினாலும் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"சரி, போதும் இன்னைக்கு. கையக் கழுவிட்டு வா, வெர்னா. மார்லிஸ் காபி போட்டு வச்சிருப்பா. அவ காபி ஆறக்கூடாது."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா," என்றாள் வெர்னா. "என்னைய மெக்கானிக் ஆக்கிட்டான், உங்கள காபிக் கடையில ஒக்கார வச்சுட்டான். இவன் மட்டும் மொதலாளி."

மார்லிஸுக்குச் சிரிப்பு பீறிட்டது, கூடவே கண்ணீரும். சமையலறைக்குப் போய் நிஜமாகவே காபி போட்டாள். வெர்னா கட்டிலருகிலேயே உட்கார்ந்து குடித்தாள். தனக்கான கோப்பையை மார்லிஸ் எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டாள். லைல் கதவோரமாக நின்றார்.

"ஏன் பிரிஞ்சீங்க?" என்று மார்லிஸ் கேட்டாள். ஓரினிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.

வெர்னா கோப்பைக்குள் பார்த்தாள். "வண்டி வேல முடிஞ்சிருச்சு. மொத தடவ ஸ்டார்ட் பண்ணி ஏரிய ஒரு சுத்து சுத்தி வந்தோம். என் வாழ்க்கையில அந்த மாதிரி ஒரு நாள் வரவேயில்ல. அதுக்கடுத்த வாரம் சாப்பாட்டு மேசையில எதிரெதிர ஒக்காந்தா, பேச ஒண்ணுமேயில்ல. போல்ட்டு, நட்டு, பெயிண்ட்டு, இதத்தவிர நாங்க எதையுமே பேசிக்கிட்டதில்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இன்னொரு ஓட்ட வண்டி வாங்கலாமான்னு கேட்டான். நான் வேணாம்னுட்டேன்." கோப்பையைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட என்ன பேசுவான்?"

மார்லிஸ் யோசித்துப் பார்த்தாள். "எல்லாம் பேசுவாரு. பக்கத்து வீட்டு நாயப் பத்தி, முட்டிவலியப் பத்தி, பாதிரியார் பிரசங்கத்துல விட்ட கொட்டாவியப் பத்தி. வாய் ஓயாது. அந்த வண்டியப் பத்தி மட்டும் பேசமாட்டாரு."

வெர்னா தலையை ஆட்டினாள். வெயில் சன்னலிலிருந்து கட்டிலுக்கு நகர்ந்தது. ஓரினின் மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்தது, இன்னும் நீண்ட இடைவெளி விட்டு வந்தது, பிறகு வரவில்லை. அவருடைய வலது கை மார்லிஸின் கையில் இருந்தது. இடது கையை எப்போதோ வெர்னா பிடித்திருந்தாள். முதலில் விட்டவள் வெர்னாதான். எழுந்து, சாக்ஸ் அணிந்த காலோடு ஓசைப்படாமல் வாசலுக்குப் போய் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை லைல் பியூக்கை ஓட்டிக்கொண்டு வந்து, சவவண்டிக்கு முன்னால் தேவாலய வாசலில் நிறுத்தினார். கறுப்புக் கோட்டு போட்ட கிழவர்கள் அதைச் சுற்றி நின்று, எஞ்சின் மூடிமேல் கைவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து, அடக்கத்துக்குப் பிந்திய சாப்பாட்டுக்கான பன்றித்தொடை வாசமும் காபி வாசமும் படியேறி வந்தன.

மார்லிஸ் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. பெஞ்சின் மறுமுனையில் லைல் மட்டும். ஆர்கன் வாசிப்பதற்கு முன்னால் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, ஆம்பிளைச் சட்டைக்குமேல் ஒரு கறுப்பு ஸ்வெட்டரோடு வெர்னா.

"லைல், அவங்கள முன்னாடி வரச்சொல்லுங்க."

"இங்கயா? ஊரே வாயப் பொளந்து பாக்கும், மார்லிஸ்."

"பாக்கட்டும். வேடிக்க பாத்து ஊருக்கும் ரொம்ப நாளாச்சு."

லைல் பெருமூச்சோடு எழுந்து போனார். பெஞ்சுகளில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நடுவழியில் பூட்ஸ் சத்தம் தயங்கித் தயங்கி நெருங்கியது. மார்லிஸ் பக்கத்திலிருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் கையால் ஒருமுறை தடவிவிட்டாள்.

வெர்னா உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு பாட்டுப்புத்தகம்தான் இருந்தது. கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்த வெர்னா அதைக் கைநீட்டி எட்டப் பிடித்தாள். தனக்கும் எழுத்து தெரிவதற்காக மார்லிஸ் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.