ஓரம் தைக்க ஓர் ஊசி

குதைபியா கடைத்தெருவில் நஸீராவின் தையல் சாமான் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். நீலா ஒன்பதரைக்கே வந்து ஷட்டர் முன்னால் நின்றுவிட்டாள்.

"குயில்ட்டுக்கு ஓரம் கட்ட ஊசி வேணும் நஸீரா."

நஸீரா மூன்று பாக்கெட்டுகளை எடுத்துப் போட்டாள். குட்டை ஊசி குயில்ட் என்கிற அந்தப் பஞ்சுப் போர்வையின் மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி எல்லாவற்றையும் துளைத்து வரும். ஓரத்துக்கு அது எதற்கு? இரண்டாவது ஊசிக்குக் காது பெரிது, நூல் கோக்க லேசு, ஆனால் துணியில் ஓட்டை விழும். நீலா மூன்றாவதை எடுத்தாள். நீளம், நல்ல மெலிசு. அடித்துணியை மட்டும் கொத்தியெடுத்து ஓரப் பட்டியோடு சேர்த்துவிடும், தையல் வெளியே தெரியாது.

"இது சட்டுனு வளைஞ்சிரும்க்கா. பேரப்புள்ளைக்குத்தானே? தினம் மிஷின்ல போட்டு அடிப்பீங்க. கொஞ்சம் தடிச்சதா எடுத்து, ரெட்டை நூல் போடுங்க."

"துவைக்க வேண்டியிருக்காது" என்றாள் நீலா. "நேத்து பொறந்தான். மூச்சே இல்லை."

"யா அல்லாஹ்!" நஸீரா காசு வாங்க மறுத்துவிட்டாள்.

டாக்ஸியில் நீலா குயில்ட் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். துக்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பிள்ளை கைக்கு வருமுன் ஒரு பொத்தான்கூட வாங்கக் கூடாது என்று மகள் தாரிணியை எட்டு மாதமாக மிரட்டி வைத்தவள் இவள்தான். மால் பக்கமே தலைவைத்துப் படுக்க விடவில்லை. அப்பேர்ப்பட்ட மகராசி, தன் வீட்டு அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு குயில்ட்டையே தைத்து ஒளித்து வைத்திருந்தாள்! ஆசை யாரை விட்டது? ஓரத்தை மட்டும் முடிக்காமல் விட்டிருந்தாள். முடிக்காவிட்டால் தைத்த கணக்கில் வராதாம். யாரை ஏமாற்ற இந்த சாமர்த்தியமோ!

நாலு மணிக்கு அடக்கம். குழந்தையை வெறும் ஆஸ்பத்திரித் துணியில் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. தாரிணி கேட்டால், கடையில் வாங்கியது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். உண்மை தெரிந்தால் பெற்ற பெண் ஆயுசுக்கும் முகத்தில் விழிக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரி அறையில் தாரிணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை நிதின் பேப்பர் வேலையாக அலைந்துகொண்டிருந்தார். நீலா பையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லுடா."

"அஞ்சாவது மாசம் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கிட்டேன். ரொம்ப க்யூட்டா இருந்துச்சும்மா. நிதினுக்குக்கூடத் தெரியாது." எழுந்து உட்கார்ந்தாள். "நீ அவ்வளவு சொல்லியும் வாங்கினேன்ல? அதனாலதானே இப்படி ஆச்சு?"

ஐயோ, என் வாயில் மண்ணு விழ, என்று நீலா தலையில் அடித்துக்கொண்டாள். குயில்ட் கடையில் வாங்கியது என்று சொல்லிவிட்டால், தான் தப்பிக்கலாம். ஆனால் இந்தப் பெண் காலம் பூராவும் இதை நினைத்து நினைத்தே வெந்து சாவாள். பையைப் பிரித்து, குயில்ட்டை எடுத்து மகளின் மடியில் விரித்தாள்.

"நாலாம் மாசமே ஆரம்பிச்சேன்டி. உனக்கும் முன்னாடி. சாக்ஸால ஒண்ணும் ஆகலை, இதாலயும் ஆகலை. டாக்டர் சொன்னார்ல, கொடி சுத்திக்கிச்சுன்னு. அவ்வளவுதான்."

தாரிணி மஞ்சள் கட்டங்களைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப என்னை மட்டும் ஏம்மா பயமுறுத்தினே? ஒரு நாளாவது ஆசையா ஏதாவது வாங்கியிருப்பேனே."

நீலா அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.

"அந்த சாக்ஸ் எங்க?"

"ஹேண்ட்பேக்ல."

"எடு. போட்டுவிடலாம். புள்ளை காலெல்லாம் சில்லுனு கிடக்கான்."