பொட்டு வைத்த கயிறு

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசிப் பக்கம் யாரும் ஜன்னலைச் சாத்த மாட்டார்கள். வீட்டிலும் சாத்த மாட்டார்கள், கடையிலும் சாத்த மாட்டார்கள். இலத்தூரில் இருக்கும் வைகறை மோட்டார்ஸ் ஆலையில் மட்டும் சாத்தித்தான் ஆக வேண்டும். அங்கே கார்க் கதவின் உள்பக்கப் பலகையில் துணி ஒட்டுகிறார்கள். ஈரக்காற்று பட்டால் பசை காயாது, துணி பிடிக்காது. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவள் மேனேஜர் வேல்விழி. அன்றைக்கு அதை மீறியவளும் அவளேதான்.

காரணம் இருந்தது. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஞானதுரை வந்திருந்தார். கம்பெனியின் புது வண்டிக்குக் கதவுப் பலகைகளை இலத்தூரில் செய்வதா, வடக்கே இருக்கும் இன்னொரு ஆலையில் செய்வதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அவர். இங்கே கிடைத்தால் இன்னொரு உற்பத்தி லைன் வரும், சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேலை வரும். கிடைக்காவிட்டால் பழைய வண்டியோடு இந்த ஆலையையும் மூடிவிடுவார்கள். வேல்விழி ஆலங்குளத்துக்காரி. சென்னையில் நல்ல பதவியை விட்டுவிட்டு, நம் ஊரில் முடியாதா என்ற வீம்பில் இந்த ஆலையைக் கேட்டு வாங்கி வந்தவள்.

வந்த மனிதர் புழுக்கத்தில் வேர்த்து வழிந்துகொண்டு நின்றது அவளுக்குப் பொறுக்கவில்லை. சீசனில் வந்த விருந்தாளியைச் சாரல் காற்று படாமல் அனுப்பினால் ஊருக்கே கேவலம் இல்லையா? மேற்குப் பக்கத்து ஜன்னல்களைத் தன் கையாலேயே திறந்துவிட்டாள்.

"எப்படி சார் இருக்கு நம்ம காத்து?"

"பிரமாதம்மா," என்றவர் அண்ணாந்து பார்த்தார். "அது என்ன, கயித்துக்குப் பொட்டு வச்சிருக்கீங்க?"

லைன் நெடுகத் தலைக்கு மேலே ஓடும் மஞ்சள் கயிறு அது. எங்கேயாவது தப்பு என்று பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். மணி அடிக்கும், லைன் நிற்கும், மேனேஜர் ஓடி வர வேண்டும். கம்பெனியின் எல்லா ஆலைகளிலும் உண்டு. இலத்தூரில் மட்டும் போன வருஷம் அதற்கு ஆயுத பூஜை நடந்திருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்துச் செவ்வந்திச் சரத்தைச் சுற்றியவர், பலகைகளுக்குக் கிளிப் மாட்டும் முப்பிடாதி அண்ணாச்சி. பொட்டு வைத்த பொருளை வெடுக்கென்று பிடித்து இழுக்க யாருக்கு மனசு வரும்? அப்புறம் ஒரு கையும் அதன் மேல் படவில்லை.

"ஆயுத பூசைக்குப் பொறவு லைன் ஒரு தடவகூட நிக்கல சார்," என்றாள் வேல்விழி பெருமையாக.

"ஒரு தடவகூடவா?" என்று கேட்டவர் முகம் மலரவில்லை. அது அவளுக்கு உறுத்தியது.

அந்த நேரம் பார்த்து ஆஷிகாவின் கட்டைவிரல் வேல்விழியின் கண்ணில் பட்டது. ஒட்டிய துணியைச் சரிபார்த்து அனுப்புகிற பெண் அவள். துணியின் ஓரம் எழும்பியிருந்தது. ஆஷிகா அதைச் சட்டென்று அழுத்திவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பலகையை அடுத்த ஆளிடம் தள்ளினாள். அதற்கடுத்த பலகையிலும் அதே கதை. ஒருவர் தப்பை ஒருவர் மூடிவிடுவது இங்கே பெருந்தன்மை. கயிற்றை இழுத்தால் பக்கத்தில் நிற்பவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். அதிலும் சென்னை ஆள் வந்து நிற்கும்போது!

யாரைத் திட்டுவது? ஜன்னலைத் திறந்தது அவள். ஞானதுரையைக் காபி குடிக்க அழைத்துப் போய்விட்டு, அதற்குள் ஜன்னலைச் சாத்தச் சொல்லி, கெட்டுப்போனதை ஓசைப்படாமல் ஒதுக்கிவிடலாம். ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவளுக்குத் தன் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எட்டிக் கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்தாள். காய்ந்த செவ்வந்தி தலையில் கொட்ட, மணி அலறியது.

"ஐயோ மேடம், சாமி கயிறுல்லா அது!" என்று பதறினார் முப்பிடாதி.

"ஜன்னலத் தொறந்தது நாந்தான்," என்றாள் வேல்விழி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பசை காயல. ஒரு பலகையும் வெளிய போவக் கூடாது. மொதல்ல ஜன்னலச் சாத்துங்க."

ஞானதுரை அவளைத் தனியே அழைத்தார். "நல்லதும்மா. ஆனா நீங்க மேனேஜர். உங்களை யாரு ஏசப் போறாங்க? இவங்க இழுப்பாங்களா? தப்பே நடக்காத லைனை நான் எங்கயும் பார்த்ததில்ல. தப்பை மறைக்கிற லைனைத்தான் பார்த்திருக்கேன். அதை நம்பி எப்படிப் புது வண்டியைக் கொடுக்கிறது?"

"இழுப்பாவ சார்."

"சாயங்காலம் ரயில் ஏறுற வரைக்கும் இங்கதான் இருப்பேன். பார்ப்போம்."

வாக்குக் கொடுத்தாயிற்று. வேல்விழி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஈரத்துணியால் கயிற்றில் இருந்த பொட்டை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். லைன் முழுக்க அண்ணாந்து பார்த்தது.

"ஏட்டி ஆஷிகா, துணிய எதுக்கு அமுக்கி அனுப்புன?"

"பசை போட்ட அண்ணனுக்கு ஏச்சு விழுமேன்னுதான் மேடம்."

"இனிம அமுக்காத, இழு. ஏச்சு வந்தா எனக்கு வரட்டும்."

"பொட்ட அழிச்சா சாமி குத்தம் ஆயிராதா?" என்று முனகினார் முப்பிடாதி.

"சாமியே கூப்பிட்டாத்தான வருது அண்ணாச்சி? நீங்க இழுத்தாத்தான் நானும் வருவேன்."

லைன் மறுபடி ஓடியது. மத்தியானச் சாப்பாடு முடிந்தது, டீ வந்து போனது. கயிறு கிடந்தபடியே கிடந்தது. ஆனாலும் இவர்களை வேல்விழிக்குத் தெரியும். பயந்தவர்கள் இல்லை, அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று பார்க்கிறவர்கள். ஞானதுரை பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

மணி அடித்தது.

வேல்விழி ஓடினாள். கயிற்றைப் பிடித்த கையை விடாமல் முப்பிடாதி நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நாந்தான் மேடம். வலது கதவுக் கிளிப்ப எடதுக்கு மாட்டிட்டேன். கொஞ்சம் பலகை அப்பிடியே போயிருக்கும். யாரும் பாக்கல. நானாத்தான் சொல்லுதேன்."

வேல்விழியின் கோபம் ஊரறிந்தது. என்ன சொல்லப் போகிறாளோ என்று லைனே அவள் பக்கம் திரும்பியது. வேல்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நல்ல காரியம் பண்ணுனிய அண்ணாச்சி," என்றாள். "வாங்க, எதெது போச்சுன்னு சேந்தே தேடுவோம்."

ஆஷிகாவும் கூடவே ஓடினாள். அடுக்கி வைத்த பலகைகளை மூவரும் புரட்டிக்கொண்டிருந்தபோது, வாசல் பக்கம் ஞானதுரை போனில் சென்னைக்குப் பேசுவது கேட்டது.

"லைன் இன்னைக்கு ரெண்டு தடவ நின்னுச்சு சார். ஆமா, நின்னுச்சு. அதனாலதான் சொல்றேன், புது வண்டியை இங்கயே கொடுத்துருங்க."