கதவு ரப்பருக்கு அடியில்

புது வண்டியின் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சுதேசி அதன் ஓரத்து ரப்பரை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். ஷோரூமில் விற்பனை பார்க்கும் பெண் அதைக் கவனிக்கவில்லை. அவள் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று, லிட்டருக்கு எவ்வளவு ஓடும், டிக்கியில் எத்தனை பெட்டி கொள்ளும் என்று அவருடைய மச்சினனிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மச்சினன் தலையாட்டிக்கொண்டே மாமாவை ஓரக்கண்ணால் பார்த்தான். வாங்காத வண்டியைப் பிரித்துப் பார்க்கிற ஆளை அவன் இதுவரை கண்டதில்லை.

சுதேசி என்பது கார் தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். கதவுகளுக்கு ரப்பர் மாட்டுகிற வேலை. தலை கறுப்பாக இருந்தபோது சேர்ந்தவர், அது வெளுக்கும்வரை அதையேதான் செய்தார். வெளிநாட்டுக்காரன் கார் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. கொட்டுகிற மழையில் தெப்பமாக நனைவாரே தவிர அதில் ஏறமாட்டார். சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வெளிநாட்டுக் காரில் வந்து இறங்க, வரவேற்க வேண்டிய அண்ணன் விறுவிறுவென்று உள்ளே போய்ச் செருப்பைத் தேடுவதுபோல் நின்றுகொண்டார். நாம செஞ்சதை நாமே வாங்கலைன்னா வேற எவன் வாங்குவான் என்பது அவர் கட்சி. எதிர்த்துப் பேசினால் அன்றைக்கு டீ இடைவேளை போச்சு.

இப்போது அந்தக் கட்சியே குழம்பிக் கிடந்தது. கம்பெனி பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, செய்கிற வேலையைக் கடல் தாண்டி வேறொரு நாட்டுக்கு மாற்றிவிட்டது. காலியான ஷெட்டை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கி அதில் தன் காரைச் செய்கிறது. மச்சினனுக்கு அங்கேதான் வேலை. ஆக, நம்ம பெயர் போட்ட வண்டி கடல் தாண்டிப் பிறக்கிறது, வெளிநாட்டுக்காரன் பெயர் போட்டது இங்கே பிறக்கிறது, இரண்டும் ஒரே தெருவில் எதிரெதிர் ஷோரூமில் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. வேலை போனபிறகு சுதேசி வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறார். பழைய வண்டி இனி எழாது என்று மெக்கானிக் கைவிரித்த நாளிலிருந்து மச்சினன் தலைபாடாக அடித்துக்கொள்கிறான். எதிர் ஷோரூம் வண்டிதான் உள்ளூர் வண்டி மாமா, உங்க ஷெட்டுல, உங்ககூட வேலை பாத்தவங்க பாதிப் பேரு செய்றது என்று. அவன் சொல்வது அத்தனையும் நியாயம். ஆனாலும் சுதேசி பழைய கம்பெனியின் இந்த ஷோரூமுக்குள் நுழைந்துவிட்டார்.

காரணம், இந்த வண்டி செய்கிற ஊரில்தான் அவர் மனைவி இருக்கிறாள்.

அவளும் அதே தொழிற்சாலைதான். பெயிண்ட் அடித்து வருகிற வண்டியை மெல்லிய துணிக் கையுறை போட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, சரியாக இருந்தால் அனுப்புகிறவள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம்கூட அந்தக் கைக்குத் தப்பாது. கம்பெனி இடம் மாறியபோது, அங்கிருக்கிற புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க வா என்று கூப்பிட்டார்கள். அவளுக்குப் போக ஆசை. இவருக்கு வந்ததே கோபம். நம்ம வேலையைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு நீ பெட்டி தூக்குகிறாயா என்று கேட்டார். போறவங்க போகட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், வழியனுப்பக்கூடப் போகவில்லை. ஆறு மாதம் என்று போனாள். மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது.

போனில் பேசுவார்கள். மூட்டு வலி எப்படியிருக்கு, கேஸ் தீர்ந்துச்சா, தம்பி வந்தானா. வரவா என்று அவள் கேட்டதில்லை. வா என்று இவர் சொன்னதில்லை. வீம்பு, வேறென்ன. அவளில்லாமல் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை என்பதுதான் உண்மை. சாப்பாடு ருசிக்கவில்லை. சவாரியில் பின்சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு வந்தால், அது முடிந்துவிடக்கூடாதே என்று வண்டியை மெதுவாக ஓட்டுவார்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி தேறிவிட்டால், சரிபார்த்தவர் கதவின் விளிம்பில் மெழுகு பென்சிலால் ஒரு பொட்டு வைக்கவேண்டும். ஆளுக்கொரு நிறம். அவளுடையது மஞ்சள். அடுத்து வண்டி சுதேசியிடம் வரும். அந்தப் பொட்டின்மேல் அவர் ரப்பரை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார். அதன்பிறகு அது யார் கண்ணிலும் படாது. கல்யாணத்துக்கு முன்னால் மஞ்சளைப் பார்த்தபடி நின்று, எத்தனையோ வண்டியைத் தாமதமாக்கி மேஸ்திரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

ரப்பர் சரக்கென்று கழன்று வந்தது. அடியில் வெறும் பெயிண்ட். பின்கதவைத் திறந்து அதையும் உரித்தார். அதற்குள் அந்தப் பெண் பார்த்துவிட்டாள். சார் சார் என்று பதறிக்கொண்டு ஓடிவந்தாள். மச்சினன் நடுவில் புகுந்து, அவரு இதே வேலை பாத்தவருங்க, மாட்டிக் குடுத்துடுவாருங்க என்று கெஞ்சினான். சுதேசி யார் சொன்னதையும் காதில் வாங்காமல் அந்தப் பக்கம் போய் மிச்ச இரண்டு கதவையும் உரித்தார். பிறகு போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். அங்கே சாப்பாட்டு நேரம்.

"வண்டி பாக்க வந்தேன். நம்ம வண்டி," என்றார். "நாலு கதவுலயும் ரப்பரைக் கழட்டிப் பாத்துட்டேன். மஞ்சளைக் காணோம்."

அவள் சிரித்துவிட்டாள். கடையிலயா, புது வண்டியிலயா, உங்கள சும்மாவா விட்டாங்க என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். சிரித்து முடித்தபின் சொன்னாள்:

"பொட்டு வைக்கிறதெல்லாம் போயாச்சுங்க. கேமரா வந்துடுச்சு, அதுவே பாத்துக்குது. நான் வண்டியத் தொட்டே ரொம்ப மாசமாச்சு. ஸ்டோர்ல உக்கார வச்சிருக்காங்க. கிளவுஸ் எடுத்துக் குடுக்குறேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா, அப்ப வந்துடுன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன். சொல்லாம இருந்துட்டீங்கன்னா? அதான் பயமா இருந்துச்சு."

சுதேசி வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மச்சினன் காரின் விலைச்சீட்டை உற்றுப் படிக்கிறவன்போல் குனிந்துகொண்டான், பாவம்.

"வந்துடும்மா," என்றார்.

அந்தப் பக்கம் தட்டுகளின் சத்தமும் பாஷை புரியாத பேச்சும் கேட்டன. அவள் மூக்கை உறிஞ்சினாள். மணி அடிச்சுட்டாங்க, போகணும், வண்டியப் பாத்து வாங்குங்க என்றாள். போன் அடங்கிவிட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

அவர் ஒவ்வொரு கதவாகப் போய் ரப்பரைப் பொருத்தினார். மூலைகளில் மட்டும் உள்ளங்கையால் ஒரு தட்டு. அந்தப் பெண்ணிடம் மன்னிச்சுக்கம்மா என்றார். அவள் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, பரவாயில்ல சார் என்றாள். தெருவைக் கடக்கும்போது மச்சினன் இரண்டடி பின்னாலேயே வந்தான். நம்ம ஷெட்டு வண்டியையே பாப்போம்டா என்று அவரே சொன்னார். இவ்வளவு நாள் கெஞ்சியது பலித்தும் அவனுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

எதிர் ஷோரூம்காரர் ஓட்டிப் பார்க்க ஒரு வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். அன்று காலைதான் ஷெட்டிலிருந்து வந்தது, சீட்டெல்லாம் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. அவர் ஓட்டுநர் சீட்டு உறையைக் கிழித்தார், பின்சீட்டுடையதையும் கிழித்தார். முன்னால் இடப்பக்கச் சீட்டில் கையை வைத்தபோது சுதேசி தடுத்தார்.

"அத மட்டும் விடுங்க. பிரிக்க ஆள் வருது."

ஓட்டும்போது சத்தம் போடுமே சார் என்றார் ஷோரூம்காரர். போடட்டும் என்றார் இவர். மச்சினன் பின்னால் ஏறிக்கொண்டான். வண்டி தெருமுனை தாண்டி நல்ல ரோட்டுக்கு வந்தது. வளைவுகளில் திருப்பும்போதெல்லாம் பக்கத்துச் சீட்டின் உறை சரசரத்தது. ஒவ்வொரு தடவையும் சுதேசி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.