சுருங்காத கண்

அன்று காலை அந்தக் கடலுயிர் ஆய்வாளருக்கு வந்த கடிதம் மிகுந்த மரியாதையுடன் எழுதப்பட்டிருந்தது. தூக்கத்தைக் கெடுக்கும் கடிதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகின்றன.

துருவக் கடலின் விரிகுடா ஒன்றில் கிரில் எனப்படும் கூனி இறால்கள் ஏராளமாக இருப்பதையும், அவற்றில் பெரும்பாலானவை குஞ்சுகள் என்பதையும் சென்ற ஆண்டு அவர் அறிக்கையாக அளித்திருந்தார். அவர் சொல்லை நம்பி, மீன்வளக் குழு அந்த விரிகுடாவை மூன்று ஆண்டுகளுக்குக் கப்பல்கள் நுழையாதபடி மூடிவிட்டது. இப்போது கப்பல்காரர்களின் நிபுணர் ஒரே ஒரு கேள்வியைப் பணிவுடன் கேட்டிருந்தார். தாங்கள் குஞ்சுகள் என்று கூறியவை, பட்டினியால் உடல் சுருங்கிய முதிர்ந்த இறால்களாக இருக்கலாம் அல்லவா? நாளைய குழுக் கூட்டத்துக்கு முன் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவர்களாவோம்.

கேள்வி நியாயமானதே. இரை கிடைக்காத கிரில், ஓட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தன் உடலைச் சிறிதாக்கிக்கொள்ளும். ஆனால் கண் மட்டும் சுருங்காது. சின்ன உடலில் பெரிய கண் இருந்தால் அது பட்டினி கிடந்த கிழம். கண்ணும் சிறிதென்றால் குஞ்சு. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துபவரே அவர்தான். ஆயினும், விரல் மரத்துப்போன குளிரில் கப்பலில் நின்றுகொண்டு, நீளத்தை மட்டும் அளந்துவிட்டுக் கண்ணை விட்டுவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

ஜாடிகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. உதவியாளர்தான் இல்லை, கண்புரை அறுவைக்காக விடுப்பில் இருந்தார். என்ன செய்வதென்று ஆய்வாளர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, தங்கை கொடுத்தனுப்பிய பையோடு தங்கையின் கணவர் உள்ளே வந்தார். அவர் கிரில் பிடிக்கும் கப்பலில் இயந்திரம் பார்ப்பவர். விரிகுடா மூடப்பட்ட நாளிலிருந்து அந்தக் கப்பல் துறைமுகத்தில் சும்மா கிடந்தது.

"என்னக்கா, முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு? இறால் ஏதாச்சும் திட்டிடுச்சா?"

"உக்காருங்க மாப்பிள்ளை. ஒரு உதவி வேணும். உங்ககிட்ட கேக்குறது நியாயமான்னுதான் தெரியல."

"கேளுங்க. கப்பலைத்தான் கட்டிப் போட்டீங்க, என்னை இன்னும் கட்டலையே."

ஆய்வாளர் கடிதத்தைக் காட்டினார், எதையும் மறைக்கவில்லை. தம் கணிப்பு பொய்த்தால் விரிகுடா திறக்கும், கப்பல் கிளம்பும் என்பதையும் சொன்னார்.

"பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறீங்களே அக்கா."

"வேற ஆள் இல்ல மாப்பிள்ளை."

முறை எளிமையானது. விரிகுடாவின் கூனிகளையும் வெளிக்கடலின் பெரிய கூனிகளையும் கலந்து, ஒவ்வொன்றின் தலையை மட்டும் மாப்பிள்ளை நுண்ணோக்கியின் கீழ் வைக்க வேண்டும். உடலைப் பார்க்காமல் ஆய்வாளர் கண்ணின் அளவை மில்லிமீட்டரில் சொல்ல வேண்டும். அதை மாப்பிள்ளை, கப்பலில் முன்பு குறித்த அதன் நீளத்துக்கு எதிரே எழுத வேண்டும். உடல் அளவு தெரிந்தால் ஆய்வாளரின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எனவே முடியும் வரை எதுவும் கேட்பதில்லை என்று அவரே விதித்துக்கொண்டார்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு."

"ஆச்சு. அடுத்தவர் வர்றார், வணக்கம் சொல்லுங்க."

"ரெண்டு புள்ளி மூணு."

முதல் முப்பது வரை இப்படிக் கேலி ஓடியது. பிறகு மாப்பிள்ளையின் பேச்சு நின்றுவிட்டது. பேனா காகிதத்தில் உரசும் ஒலி மட்டும் கேட்டது. எண்பதைத் தாண்டியபோது அவரிடமிருந்து பெருமூச்சு ஒன்று வந்தது. தாம் சொன்ன ஒரு சொல்லால் இத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்; அந்தச் சொல்லே தவறென்றால் எந்த முகத்தோடு தங்கை வீட்டுப் படியேறுவது? ஆய்வாளர் லென்சில் கண்ணை வைத்தபடியே மனத்துக்குள் மன்னிப்புக் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டார்.

நூற்றிருபதாவது முடிந்ததும் மாப்பிள்ளை தாளைத் திருப்பி வைத்தார்.

"பெருசுக்குப் பெரிய கண்ணு. சின்னதுக்குச் சின்னக் கண்ணு. ஒண்ணுகூடத் தப்பல. குஞ்சுங்கதான்." ஆய்வாளர் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "தயங்காதீங்க, பத்தை எடுத்து நீங்களே அளந்து பாருங்க. நானா இருந்தாலும் பாப்பேன்."

ஆய்வாளர் கூச்சத்தோடு பத்தை அளந்தார். பத்தும் ஒத்துவந்தன. காலையிலிருந்து கல்லாய்க் கிடந்த தோள்கள் தாமாகத் தளர, நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்புறம் ஏன் பேசாம இருந்தீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு."

"எனக்கும்தான்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சு வருஷமா வலையில வர்றது சிறுத்துக்கிட்டே வருது. அது கிழடுங்க பட்டினியில சுருங்குறதுன்னா, கடலே சாகுதுன்னு அர்த்தம். நீங்க பூட்டினதை மூணு வருஷத்துல திறப்பாங்க. செத்த கடலை யார் திறப்பா? சின்னதுல ஒரு பெரிய கண்ணு வந்துடக்கூடாதேன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுதினேன்."

ஆய்வாளர் பேனாவை வாங்கிக்கொண்டார். பதில் கடிதத்தை அதே மரியாதையோடு எழுதினார். கண்ணை அளக்காமல் விட்டது தம் தவறு என்பதே அதன் முதல் வரி.

மாப்பிள்ளை எட்டிப் படித்தார். "அதை எதுக்கு எழுதுறீங்க? கணக்குச் சரியாத்தானே வந்துச்சு."

"அளக்காம சொன்னேனே மாப்பிள்ளை."

"சரி, எழுதுங்க. மூணு வருஷம்னா மூணு வருஷம், பொறுத்துக்கிறோம். இன்னும் எதையாச்சும் அளந்து நாலாக்கிடாதீங்க."

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.