கீழ்க்குரல்

தம்பிக்குத் தன் சொந்தப் பாட்டைப் பாடத் தெரியாது. கேட்டால் சிரிப்பீர்கள். அக்காவும் அவனும் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். மொத்தமே இரண்டு பேர். அவள் கிட்டார், அவன் டிரம்ஸ். எல்லாப் பாட்டும் அவர்களே உட்கார்ந்து கட்டியவை. ஆனால் எந்தப் பாட்டானாலும் மெட்டை அக்கா பாடுவாள், அவன் அதற்கு அடியில் வேறு ஸ்வரங்களில் ஒட்டிக்கொண்டே போவான். வீட்டில் இதற்கு மேல்குரல், கீழ்க்குரல் என்று பெயர். பால்பல் விழுந்த வயதிலிருந்தே அவனுக்குக் கீழ்க்குரல்தான். குளிக்கும்போதும் அதுதான், வண்டி ஓட்டும்போதும் அதுதான். அவன் வேலை லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கிரீஸ் பூசியபடி முனகிக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்கிறவர் கீழேயிருந்து கேட்டார்: "என்னப்பா, பாட்டா, இல்ல வயித்து வலியா?"

மேல்குரல் இல்லாமல் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. மேலே அக்கா இருந்தாள்.

பிறகு அக்காவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. எடுத்த கட்டி கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்ததும் வீடே பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள்தான் தெரிந்தது, குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டுவிட்டது என்று. சிலருக்குத் தானாகவே திரும்பும், பொறுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியாகப் போனபோது அவர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அக்கா அழவில்லை. நேராகத் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய், பாதியில் விட்டிருந்த லென்ஸைத் தேய்த்து, பிரேமில் பொருத்திக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுக்கு மிச்சம் இருப்பது வெறும் காற்றுக் குரல். பக்கத்தில் இருந்தால் கேட்கும். ஒரு மின்விசிறி ஓடினால் போதும், அதுவும் கேட்காது.

தம்பி மட்டும் டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதே டாக்டர் திரும்பும் என்று சொன்ன காலத்தில் அவரைத் தெய்வம் என்று கொண்டாடியவன் அவன்தான்.

ஆபரேஷனுக்கு முன் அவர்கள் கட்டி முடித்த கடைசிப் பாட்டு ஒன்று பதிவாகாமலே இருந்தது. அது அக்காவின் பாட்டு. ஒருநாள் அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனாள். சாவி திரும்பவில்லை. அத்தான் பூட்டை மாற்றியிருந்தார். அவளுடைய துணிமணி ஒரு பையில் கதவோரம் இருந்தது. அவள் கதவைத் தட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மாமாவின் மெத்தைக் கடைக்கு வந்துவிட்டாள். கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில்தான் இருவரும் பாடிப் பழகுவார்கள். சுற்றிலும் மெத்தைகள் அடுக்கியிருப்பதால் சத்தம் வெளியே போகாது. அங்கேதான் அந்தப் பாட்டு பிறந்தது. 'என் சாவி சரியாத்தான் இருக்கு, கதவுதான் என்னை மறந்துடுச்சு' என்று ஆரம்பிக்கும். அதைப் பாடும்போது அக்காவின் குரல் ஓர் இடத்தில் மேலே ஏறி அங்கேயே நிற்கும்.

"இந்தப் பாட்டு வெளிய வந்தாகணும். மேல்குரல் நீ பாடு," என்றாள் அக்கா, அவன் காதருகே வந்து.

அவன் பாடினான். முதல் வரியிலேயே கீழே சறுக்கினான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடியும் சறுக்கினான். அக்கா கிட்டாரில் மெட்டை ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்துக் காட்டினாள். அவன் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, திரும்பவும் பழைய பள்ளத்திலேயே போய் விழுந்தான். வாரக்கணக்கில் இதே கூத்து. சிறுவயதில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோதுகூட அவள் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை, அப்போது தொடையில் கிள்ளு, நிமிட்டாம்பழம் கிடைக்கும். "வரலக்கா, நான் என்ன பண்ண? பழக்கம் அப்படி," என்பான் அவன். அவளும் நம்பினாள். ஸ்டுடியோ நாளைத் தள்ளிப்போட்டார்கள்.

உண்மையைப் போட்டு உடைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, ஓட்டை வாய் என்று வீட்டில் பெயரெடுத்தவர். கடை விடுமுறை நாளில் வழக்கம்போல் கிடங்கைத் திறந்துவிட்டு, விலைச்சீட்டு ஒட்டிய மெத்தைமேல் சாய்ந்து உட்கார்ந்து இந்தக் கூத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, நேத்து சாயங்காலம் தனியா வந்து பாடினப்போ நல்லாத்தானடா பாடின? மேல போய் நிக்கிற இடம்கூட அப்படியே இவ மாதிரியே இருந்துச்சு. நான் கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்து பாத்தேன். இன்னைக்கு என்ன வந்துச்சு உனக்கு?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா கிட்டாரைக் கழற்றி வைத்தாள். மாமாவைப் பார்த்தாள். எதையோ போட்டு உடைத்துவிட்டோம் என்று மாமாவுக்குப் புரிந்தது. என்னவென்றுதான் புரியவில்லை. டீ வாங்கிவரப் போவதாகச் சொல்லி எழுந்து போனார்.

"எவ்வளவு நாளா?" என்றாள் அக்கா.

அவன் டிரம் குச்சியால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான். "முதல்ல நிஜமாவே வரலக்கா. அப்புறம் வந்துருச்சு."

"வந்தப்புறம் ஏன்டா நடிச்ச?"

"நான் பாடிட்டா, நீ பாட வேண்டிய இடத்துல நான் நின்னுட்டு இருப்பேன். உனக்குக் குரல் வரும்போது எங்க போய் நிப்ப?"

அக்கா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் கையிலிருந்த குச்சியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"வராதுடா," என்றாள். "எனக்கு அது தெரியும். நீ தெரியாத மாதிரி இருக்கிறதுதான் எனக்குத் தாங்கல. தினமும் என் வாயவே பாத்துட்டு இருக்க. நான் தொண்டையைக் கனைச்சாக்கூட உன் மூஞ்சி பளிச்சுனு ஆயிடுது. எனக்காகப் பாட வேணாம். பாட்டு பாவம்டா. அதுவும் வெளிய நிக்குது."

அவன் அன்றைக்கு அவள் முன்னாலேயே மேல்குரலில் முழுப் பாட்டையும் பாடினான், பாடிக்கொண்டே அழுதான். அவள் அழாமல் வாசித்தாள். பாட்டு முடிந்ததும், இரண்டாவது சரணத்தில் அவசரப்படுகிறாய் என்று குட்டு வைத்தாள். அது பழைய அக்கா. அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

ஸ்டுடியோ ஒரு அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. ரெக்கார்டிங்காரர் அதிகம் பேசாதவர். பாட இரண்டு சின்ன அறைகள், நடுவில் கண்ணாடித் தடுப்பு. கிட்டாரையும் டிரம்ஸையும் முதலில் பதிவு செய்தார்கள். குரல் பாட தம்பி ஓர் அறைக்குள் போனான். அக்கா அடுத்த அறையைக் கையால் காட்டினாள். சொற்கள் முடிகிற இடத்துக்கு அவன் எப்போதும் அவள் வாயைப் பார்த்துத்தான் பாடுவான், அதற்காகத்தான் எதிரே நிற்கப் போகிறாள் என்று தம்பி நினைத்துக்கொண்டான். அவள் அங்கிருந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு மைக்கையும் காட்டினாள். ரெக்கார்டிங்காரர் அதையும் திறந்துவிட்டார்.

தம்பி பாடினான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அக்காவின் வாய் அசைந்தது. இரண்டு வரி போன பிறகுதான் அவன் கவனித்தான், அவன் பாடும்போது அவள் வாய் கொஞ்சம் பிந்தி மூடுகிறது. கீழ்க்குரல் அப்படித்தான் வரும். அவள் அவனுடைய குரலைப் பாடிக்கொண்டிருந்தாள். கண்களை மூடியிருந்தாள். கழுத்துத் தழும்புக்கு மேல் ஒரு நரம்பு புடைத்திருந்தது. ஹெட்போனில் அவனுக்குத் தன் குரல் மட்டுமே கேட்டது, அவளுடைய மைக்கை ரெக்கார்டிங்காரர் இவன் காதுக்குத் தரவில்லை போலும் என்று நினைத்தான். நினைக்க வேண்டும்போல் இருந்தது. மேலே ஏறி நிற்கும் இடத்தில் அவன் ஏறி நின்றான். அவள் கீழே நின்றாள். அவ்வளவு நன்றாக அவன் வாழ்க்கையில் பாடியதில்லை.

முடிந்ததும் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகத்தை அவன் அப்படிப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வந்துச்சுடா," என்றாள். "மேல வராது, சரி. கீழ வந்துச்சு. உள்ள அதிர்ந்துச்சு, எனக்கே கேட்டுச்சு. போடச் சொல்லு."

தம்பி ரெக்கார்டிங்காரரைப் பார்த்தான். அவர் மேஜையில் இருந்த பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே அவனுக்குத் தெரிந்துபோனது. ஆனாலும் சொன்னான்: "அக்காவோட மைக்கை மட்டும் போடுங்க."

"முழுசாவே போடறேனே," என்றார் அவர்.

அக்கா தலையை ஆட்டி மறுத்தாள். தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டுப் போட்டார். ஸ்பீக்கரில் காற்று வந்தது. வரி வரும் இடத்தில் ஒரு கரகரப்பு, வரி முடியும் இடத்தில் உதடு பிரியும் சத்தம். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், கொஞ்சமும் தாளம் தப்பாமல் வந்தது. குரல் மட்டும் எங்கேயும் இல்லை. உச்சத்தில் அவள் நீளமாக இழுத்த இடத்தில் நீளமாகக் காற்று வந்தது.

அக்கா கடைசிவரை கேட்டாள். அவள் பிடித்திருந்த சட்டை இன்னும் அவள் கையிலேயே இருந்தது. பிறகு ரெக்கார்டிங்காரரிடம் ஏதோ சொன்னாள்.

இயந்திரங்களின் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "என்ன சொன்னீங்க?" என்று அவர் முன்னால் குனிந்தார்.

அவள் மறுபடியும் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. சங்கடத்தோடு தம்பியைப் பார்த்தார்.

தம்பிக்கு இரண்டு தடவையும் நன்றாகக் கேட்டது. 'அதை வச்சுக்கச் சொல்றாங்க' என்று மாற்றிச் சொல்லிவிடலாம், இந்த அறையில் யாரும் மறுத்துப் பேச முடியாது. அவன் அக்காவைப் பார்த்தான். அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை அழிச்சிடச் சொல்றாங்க," என்றான்.