உருட்டாமல் எடுத்த அளவு

ராயப்பேட்டையில் ஆரோக்கியநாதன் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப் என்றால் லாரிக்காரர்கள் மத்தியில் தனி மரியாதை. அந்த மரியாதைதான் மனுஷனைக் கெடுத்தது. யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில் இதை அவரிடம் சொல்லியிருந்தால் ஸ்பானரைத் தூக்கி எறிந்திருப்பார்.

மயிலாப்பூரில் விறகுத் தொட்டி நடத்திய கல்யாணராமன் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். பாலவாக்கத்துத் தோப்பிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றி வரும் வண்டி. வழியெல்லாம் மணல். வாரத்துக்கு இரண்டு தடவையாவது சக்கரம் புதைந்து, மாடு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அவர் எப்படியோ நாலு பெரிய டயர்களைப் பிடித்துவிட்டார். இன்னொரு ஜோடி வேண்டுமென்றால் தவமிருந்தாலும் கிடைக்காத காலம்.

"வண்டியைத் தூக்கி இதை மாட்டிக் குடு, மேஸ்திரி."

மேஸ்திரி அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்து வண்டியை உயர்த்தினார். டயர்களை மாட்டினார். மிச்சம் அலைன்மெண்ட் மட்டும். முன்சக்கரம் இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, முன்னால் எவ்வளவு இடைவெளி, பின்னால் எவ்வளவு என்று கோல் வைத்துப் பார்க்க வேண்டும். சக்கரங்கள் ஒரு நூல் அளவு உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் சரி. ஆனால் ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு பார்க்கக்கூடாது. இறங்கும்போது சக்கரம் கோணலாக உட்காரும். பத்தடி உருட்டி, அது தன் நிலைக்கு வந்த பிறகுதான் கோல் பேசும். அந்த ஒர்க்‌ஷாப்பில் இது தெரியாத ஆளே கிடையாது.

வண்டி இறங்கியது வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு. கல்யாணராமன் தேங்காயும் எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றார்.

"ராகு காலம் பொறந்துடுத்து. பன்னெண்டு அடிக்கற வரைக்கும் வண்டி ஓரடி நகரப்படாது. அதுக்கப்புறம் பழத்து மேல ஏறி நேரா கோயிலுக்குப் போயிண்டே இருக்கணும்."

மேஸ்திரி கிறிஸ்துவ வேதக்காரர், ராகுவோடு அவருக்கு எந்தப் பழக்கமும் இல்லை. வாடிக்கைக்காரர் சொல்கிறார், சரி. நின்ற இடத்திலேயே அளவெடுத்துத் திருகி முடித்தார். பன்னிரண்டுக்கு மேல் உருட்டி ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். பன்னிரண்டு அடித்தது, கற்பூரம் எரிந்தது, டிரைவர் மெஹபூப் அலி பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. "யானை மாதிரி கீது மேஸ்திரி!" என்று யாரோ கத்தினார்கள். அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தி, "இரு, அளவு பாக்கணும்" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாளைக்குக் கூப்பிடலாம் என்றிருந்தார். நாளை வந்தது, அவர் கூப்பிடவில்லை.

இரண்டாவது மாதம் கல்யாணராமன் கொதித்துக்கொண்டு வந்தார். முன் டயர் இரண்டும் தேய்ந்து உள்ளே இருந்த கித்தான் துணி தெரிந்தது.

மேஸ்திரி குனிந்து டயரைத் தடவினார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழவென்று போனது. திருப்பித் தடவினால் அரம் போல உள்ளங்கையைப் பிடித்தது. கோணல் சக்கரம் தரையில் இழுபட்டால்தான் அப்படித் தேயும். அந்த நிமிஷமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் மெஹபூப் அலி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சுற்றி நாலு லாரிக்காரர்கள். மேஸ்திரி நிமிர்ந்தார்.

"ஓட்டறவன் ஒழுங்கா ஓட்டணும் சாமி. மேடு பள்ளம் பாக்காம ஏத்துனா டயர் இன்னா பண்ணும்?"

மெஹபூப் அலிக்கு அன்றோடு வேலை போயிற்று. மேஸ்திரியே சொன்ன பிறகு என்ன பேசுவது?

மறுநாள் சனிக்கிழமை. மேஸ்திரி சாந்தோம் கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்றார். என்ன பொய், யார் தலையில் விழுந்தது என்பதையெல்லாம் விழுங்கிவிட்டார். மூன்று செபத்தோடு முடிந்தது. வெளியே வந்தபோது கொஞ்சமாவது லேசாக இருக்கும் என்று பார்த்தார், இல்லை. எந்த டயரைத் தொட்டாலும் உள்ளங்கை அரித்தது.

மூன்று வாரம் கழித்து மெஹபூப் அலி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் மேஸ்திரி நினைத்தார். சண்டையென்றால் தேவலை என்றுகூட இருந்தது.

"வேலைய வுடு மேஸ்திரி, அது போவுது. நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லு. வளைக்கிறப்போ இப்படித்தான் ஒடிப்பேன்." ஸ்டியரிங் பிடிப்பது போல வெறுங்கையைத் திருப்பிக் காட்டினான். "இது தப்பா? மணல்ல பிரேக்கு அமுக்கனது தப்பா? யோசிச்சுக்கினே கீறேன், புரிய மாட்டேங்குது. சொன்னின்னா அடுத்த வண்டில பண்ண மாட்டேன்."

மேஸ்திரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கையில் இருந்த கந்தலைக் கீழே போட்டார்.

"நீ ஒரு தப்பும் பண்ல பாய். வா, தொட்டிக்கார சாமிகிட்ட போலாம்."

விறகுத் தொட்டியில் ஆட்கள் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். கல்யாணராமன் தலையை ஆட்டினார்.

"ராகு காலத்துல எறக்கினோமோல்லியோ, அந்த தோஷம்தான். நீ என்ன பண்ணுவே?"

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. மேஸ்திரி அதில் நுழையவில்லை.

"ராகு காலம் இன்னா பண்ணுச்சு சாமி? பன்னெண்டுக்கு மேல உருட்டிப் பாத்துருக்கலாம். நான்தான் பாக்கல. இப்பதான் யோசிச்சுப் பாத்தேன், புரிஞ்சிது."

கடைசி வார்த்தை எப்படி நழுவியது என்று அவருக்கே தெரியவில்லை. இவ்வளவு சொன்னவருக்கு, டயரைத் தொட்ட அன்றைக்கே தெரியும் என்ற அந்தக் கொஞ்சத்தைச் சொல்ல முடியவில்லை. கல்யாணராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாய், நாளைக்கு வந்து வண்டியை எடு" என்றார்.

மெஹபூப் அலிக்குக் கால் தரையில் பாவவில்லை. மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டான். "நம்ம வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ மேஸ்திரி. நான் சொன்னா சகினா நம்பாது. வண்டியக் கெடுத்தவன் பொண்டாட்டின்னு கொழாயடில பேசறாங்கோ." ராயப்பேட்டைச் சந்து வரை அவன் பிடித்த கையை விடவேயில்லை.

சகினா கதவோரம் முக்காடு போட்டு நின்று முழுவதையும் கேட்டாள். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. முடித்துவிட்டு மேஸ்திரி தலை நிமிர்ந்தார். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"என்னைப் பெத்த அத்தா ஜட்கா வண்டி ஓட்டினவரு. சக்கரத்தத் தொட்டாலே அதோட நோவு தெரியும்னுவாரு" என்றாள். "அன்னிக்கு நீங்க டயரத் தொட்டுப் பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேம்மா."

"அப்பவே தெரிஞ்சிதா?"

மெஹபூப் அலி சிரித்த முகத்தோடு மேஸ்திரியைப் பார்த்தான், இல்லை என்று சொல்லிவிடுவார் என்பது போல.

"தெரிஞ்சிது" என்றார் மேஸ்திரி.

மெஹபூப் அலி அவர் கையை விட்டுவிட்டான்.