பிர்ச் மரத்தில் தொங்கிய மான்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக மான் வேட்டைக்கு மலை ஏறி, வெறுங்கையோடு இறங்கியிருந்தார்கள் ரங்ஃப்ரீடும் அவள் தம்பி ஷூரும். அன்றும் ஏறினார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி. தம்பிக்கு ஐம்பது வயது, அதற்கேற்ற தொப்பை.

மலைகளுக்கு நடுவே நீண்டு நுழைந்த கடலான ஃபியோர்டின் நீரிலிருந்து செங்குத்தாக எழும் சரிவு அது. விடியலில் குளிர்காற்று கீழ்நோக்கி வழியும். அந்நேரம் மானுக்கு மேலே போய் நின்றால் ஆள் வாடை அதற்குத் தெரிந்துவிடும். அதனால் பின்பக்கமாகச் சுற்றி ஏறி, வெயில் பட்டுக் காற்று மேல்நோக்கித் திரும்பும்வரை முகட்டுக்குப் பின்னால் கிடந்தார்கள். பிறகு ஊர்ந்துபோய் எட்டிப் பார்த்தார்கள். கீழே பாறை விளிம்பில் ஓர் ஆண்மான் படுத்திருந்தது. அதற்கப்பால் பள்ளம்.

"சுடுக்கா," என்று கிசுகிசுத்தான் ஷூர்.

"அங்கயே சுட்டா பள்ளத்துல உருண்டுரும். நீ போய் எடுப்பியா?"

"நான் எதுக்கு? சுடப்போறது நீதான?"

"அப்ப வாயை மூடு. எந்திரிச்சு விளிம்பை விட்டு அந்தப் புல்லுக்கு வரட்டும்."

மான் அசைவதாக இல்லை. அவள் முழங்கைகள் மரத்துப்போயின. பக்கத்தில் தம்பி குறட்டை விட்டான்; உதைத்து எழுப்பினாள். மேகம் வெயிலை மறைத்ததும் பிடரியில் குளிர் பட்டது. காற்று திரும்பிவிட்டது. மான் மூக்கைத் தூக்கியது, எழுந்தது, பின்னால் பள்ளம் என்பதால் புல் வழியாகவே ஓட வந்தது. சுட்டாள்.

புல்லிலேயே விழுந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் பின்னங்கால்கள் ஒருமுறை உதறின. ஈரப்புல்லில் வழுக்கி விளிம்பைத் தாண்டிப் போயிற்று. பாறைப் பிளவில் முளைத்திருந்த பிர்ச் மரம் ஒன்று அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டது.

"புல்லுக்கு வரட்டும்னு சொன்னியே!"

"வந்துச்சே," என்றாள்.

கனமானவன் மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்க, அவள்தான் இறங்க வேண்டியிருந்தது. தொங்கியபடியே அறுத்து, துண்டு துண்டாகக் கட்டி அனுப்பினாள். அவன் முனகிக்கொண்டே இழுத்தான்.

"கொம்பு?" என்று கத்தினான்.

"வேணும்னா நீயே வந்து எடு!"

கொம்பு மரத்திலேயே தங்கிவிட்டது.

இறங்கும்போது கண்ணில் பட்ட கல்லிலெல்லாம் உட்கார்ந்தார்கள். ஷூர் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் எடுத்துக் கொடுத்தான். மெல்லும்போதே அவள் கண் சொருகியது. அவள் பையிலிருந்து ஒரு தொடையை எடுத்துத் தன் பையில் திணித்தான். கவனித்தாள், ரொட்டியை மென்றுகொண்டே இருந்தாள்.

வண்டியை அடைந்தபோது இருட்டியிருந்தது. இரண்டு பேரும் கதவில் சாய்ந்து நின்றார்கள்.

"யாரு ஓட்டுறது?" என்றான் ஷூர்.

அவள் சாவியை அவன் சட்டைப்பையில் போட்டாள்.